எழுபத்தைந்து டீஸ்பூன்!

"வெளிநாட்டுக்குப் போறியாமே!" என்று எங்கள் தெருவே என்னைக் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், "ஏரோப்ளேன் ஏறினதும் காதுல பஞ்சு வச்சுக்கோ" என்று யோசனையும் சொன்னார். அவரிடம் எப்படிச் சொல்வது, நான் போவது ரயிலில் என்று!

2018-ஆம் வருடம் நவம்பர் மாதம். எங்கள் சபையிலிருந்து 11 பேர் கொண்ட ஊழியக் குழு நேபாளத்துக்குப் புறப்பட்டது. ஒரு லேடி டாக்டர், இரண்டு நர்சுகள், மருந்து எடுத்துக் கொடுக்க ஒருவர், குருவானவர், நான்கு வாலிபப் பிள்ளைகள், எங்களையெல்லாம் கட்டி மேய்க்க ஓய்வுபெற்ற மேட்ரன் அம்மா ஒருவர். பதினோராவது ஆள் நான். எனக்கு என்ன தெரியும்? சமைக்கத் தெரியும். இரண்டு பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறேன். "அது போதும், தாய்மார் கூட்டத்தில் நீ பேசு" என்றார் மேட்ரன் அம்மா.

என் மாமியாரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டேன். வாசல்வரை வந்த அத்தை சொன்ன ஒரே புத்திமதி இதுதான்: "போற இடத்துல வாயைக் கொஞ்சமாத் தொற, காதை நெறையத் தொற."

அந்தச் சொல்லைக் கேட்டு நடந்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பெட்டிக்குள் ஒரு ரகசியம்

என்னென்ன எடுத்து வரலாம் என்று மேட்ரன் அம்மா ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார். பட்டியலில் இல்லாதது ஒன்றும் பெட்டிக்குள் வரக்கூடாது. பழைய துணி, பொம்மை, சாப்பாட்டுச் சாமான் எதுவும் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

ஆனால் எங்கள் பெண்கள் சங்கத்தில் எல்லாருக்கும் மனசு கேட்கவில்லை. "மலைநாட்டுப் பிள்ளைங்க பாவம், பாலுக்கு என்ன செய்யுமோ" என்று ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, குழந்தைகளுக்கான பால்பவுடர் ஆறு டப்பா வாங்கி என் கையில் கொடுத்தார்கள். "மேட்ரன் அம்மாட்ட சொல்ல வேண்டாம், நீயே பார்த்துக் குடுத்துரு" என்றார்கள். நானும் டப்பாக்களைப் புடவைகளுக்கு நடுவில் சுற்றி வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை. நல்ல காரியத்தைக் கொஞ்சம் ரகசியமாகச் செய்தால் என்ன என்றுதான் தோன்றியது.

கால் மணி நேரம் முந்திய நாடு

சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில். அங்கிருந்து பஸ்ஸில் எல்லையில் இருக்கும் சோனௌலி. ஒரு பெரிய வாசல், அந்தப் பக்கம் நேபாளம், அவ்வளவுதான்! நம் நாட்டவருக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ இருந்தால் போதும். நம் நூறு ரூபாய்க்கு அவர்கள் ஊர்க் காசில் நூற்றி அறுபது. கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டோம். கடையில் தொங்கிய காலண்டரைப் பார்த்தால் வருடம் 2075! விக்ரம சகாப்தம் அது. "அம்பத்தேழு வயசு கூடிப்போச்சே!" என்று மேட்ரன் அம்மா சிரித்தார்.

புட்வல் என்ற ஊர்வரை சமவெளி. அதற்குப் பிறகு மலை ஏறியது பாருங்கள்! ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். வாலிபப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். நான் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு சங்கீதம் சொன்னேன். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் ஏறினால் பால்பா மாவட்டத்தின் தலைநகரான தான்சேன். சரிவில் அடுக்கடுக்காய் வீடுகள், கடைகளில் அந்த ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த டாக்கா துணி, மூக்கு வைத்த பித்தளைச் செம்பு. வானம் தெளிந்த காலையில் வடக்கே பனிமலை வரிசை வெள்ளையாய் நின்றது.

தான்சேனுக்கு ஒரு கதை உண்டு. ராபர்ட் பிளெமிங் என்ற அமெரிக்கர் இந்தியாவில் மிஷன் பள்ளி ஆசிரியர். பறவைகள் என்றால் உயிர். 1949-இல் பறவைகளைத் தேடி அனுமதி வாங்கி நேபாளத்துக்குள் போனார். அந்தக் காலத்தில் வெளிநாட்டார் அங்கே எளிதில் நுழைய முடியாது. அந்தப் பயணங்களில் ஜனங்கள் வைத்தியத்துக்குப் படும் பாடு கண்ணில் பட்டது. அவர் மனைவி பெத்தேல் பிளெமிங் ஒரு டாக்டர். காட்மாண்டுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவப் பணியைத் தொடங்கியவர் அந்த அம்மாள்தான். பல நாட்டு மிஷன்கள் ஒன்றுகூடி 1954-இல் 'யுனைடெட் மிஷன் டு நேபாள்' என்ற அமைப்பை உண்டாக்கின. தான்சேன் மிஷன் மருத்துவமனையின் ஆரம்பமும் அந்த வருடம்தான். பறவை பார்க்கப் போனவர் மனுஷரைப் பார்த்தார் என்று குருவானவர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. ஆனால் அவர்கள் வருடக்கணக்காய் அங்கேயே தங்கினவர்கள். நாங்கள் பத்து நாள் விருந்தாளிகள். இந்த வித்தியாசம் அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

'வாயை மூடு, கையை நீட்டு'

எல்லை தாண்டுமுன்பே மேட்ரன் அம்மா எங்களை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். நேபாளத்தில் 2015-இல் வந்த அரசியல் சட்டப்படி ஒருவரை மதம் மாற்றுவது குற்றம். 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஐந்து வருடம்வரை சிறை உண்டு. வெளிநாட்டாராக இருந்தால் தண்டனைக்குப் பிறகு நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள். "முகாம்ல ஒருத்தரும் துண்டுப் பிரசுரம் குடுக்கக்கூடாது, பிரசங்கம் பண்ணக்கூடாது. ஜெபம் உங்க மனசுக்குள்ள இருக்கட்டும், கை மருந்துப் பெட்டியில இருக்கட்டும். மருந்தைக் காட்டி ஒருத்தரை இழுக்கிறது நமக்கும் மரியாதை இல்ல, ஆண்டவருக்கும் மரியாதை இல்ல" என்றார்.

ஒரு சனிக்கிழமை மட்டும் அந்த ஊர்ச் சபையில் ஆராதனைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை இல்லையா என்று கேட்கிறீர்களா? அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. அதனால் ஆராதனையும் அன்றுதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்து, மேளம் தட்டிப் பாடினார்கள். பாஷை புரியாவிட்டாலும் நம்ம ஊர் கிராமச் சபைக்குள் உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

கேழ்வரகை யாருக்குச் சொல்லிக் கொடுத்தேன்?

முகாம் நடந்தது தான்சேனிலிருந்து ஜீப்பில் போய், பிறகு ஒரு மணி நேரம் நடந்து சேரும் ஒரு மலைக் கிராமத்தில். அந்த வட்டாரச் சுகாதார நிலையத்தின் அனுமதியோடு, பள்ளிக்கூடத் திண்ணையில் நான்கு நாள். ஆண்களை அதிகம் காணோம். கத்தார், மலேசியா, இல்லாவிட்டால் நம் டெல்லி, பம்பாய் என்று பிழைக்கப் போய்விட்டார்கள். வயல், மாடு, கிழவர்கள், பிள்ளைகள் எல்லாம் பெண்கள் தலையில்.

முதல் நாள் மத்தியானம் தாய்மார் கூட்டம். டெல்லியில் வேலை பார்த்த எங்கள் வாலிபர் ஒருவர் என் தமிழை இந்தியில் சொல்ல, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா அதை நேபாளியில் சொன்னார். அவரை எல்லாரும் 'தீதி' என்றார்கள், அக்கா என்று அர்த்தம். நான் பையிலிருந்து கேழ்வரகு மாவை எடுத்து, "இது ஓர் அற்புதமான தானியம். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு இதில் கூழ் காய்ச்சிக் கொடுங்கள்" என்று விளக்க ஆரம்பித்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தீதி என் கையைப் பிடித்துத் திண்ணைக்கு வெளியே அழைத்துப் போய்க் காட்டினார். மலைச் சரிவு முழுக்க அறுவடைக்கு நின்றது கேழ்வரகுதான்! 'கோதோ' என்கிறார்கள். நம் களி மாதிரியே கிண்டி 'தீடோ' என்று சாப்பிடுகிறார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான்.

அப்புறம் தீதியே எங்களுக்குப் பாடம் எடுத்தார். 'சர்வோத்தம் பிட்டோ', அதாவது எல்லாவற்றிலும் உத்தமமான மாவு. ஒரு பங்கு கோதுமை, ஒரு பங்கு மக்காச்சோளம், இரண்டு பங்கு சோயா அல்லது வேறு பயறு. தனித்தனியாக வறுத்து, மாவாக அரைத்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது கூழாகக் காய்ச்சுவது. இரண்டு தானியம், ஒரு பயறு! நம் சத்துமாவுக்கு அக்காள்தானே இது? பிரசவித்த பெண்களுக்கு ஓமம் போட்ட ரசம் கொடுக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்கு அம்மா வீட்டு ஞாபகமே வந்துவிட்டது.

தீதி படித்த நர்ஸ் இல்லை. நேபாளத்தில் 1988-இல் தொடங்கிய பெண் சுகாதாரத் தொண்டர் திட்டத்தில் ஒருவர். நாடு முழுக்க இப்படி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் உண்டு. மாதச் சம்பளம் கிடையாது. வருடத்துக்கு இரண்டு தடவை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ கொடுப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுப்பது, கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வது எல்லாம் இவர்கள் வேலை. அந்த நாட்டுக் கணக்கெடுப்புகளின்படி 1996-இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 118 பேர் ஐந்து வயது முடியுமுன் இறந்தார்கள். 2016-இல் அது 39. 2022-இல் 33. இந்தக் குறைவில் தீதி மாதிரிப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் செய்த 'தர்மம்'

கூட்டம் முடிந்த பிறகு ஒரு சின்னப் பெண் தயங்கித் தயங்கி நின்றாள். இருபது வயது இருக்கும். இடுப்பில் நான்கு மாதப் பெண் குழந்தை. புருஷன் கத்தாரில். முகாமில் நிறுத்தபோது குழந்தை 5 கிலோ 200 கிராம் இருந்தது. மெலிந்த குழந்தைதான், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தது. "எனக்குப் பால் பத்தலை போல இருக்கு. ராத்திரியெல்லாம் அழறா" என்று அவள் கையாலும் கண்ணாலும் சொன்னாள்.

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. விறுவிறுவென்று நாங்கள் தங்கியிருந்த அறைக்குப் போனேன். ஒரு டப்பாவை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன். அவள் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அன்று ராத்திரி எனக்கு எவ்வளவு சந்தோஷமான தூக்கம் தெரியுமா! ஊருக்குப் போய்ச் சங்கத்தில் இதை எப்படிச் சொல்வது என்றுகூட மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

நாலாம் நாள் காலை. டாக்டரும் நர்சுகளும் மேலே இன்னொரு ஊருக்குப் போயிருந்தார்கள். மேட்ரன் அம்மாவும் நானும் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். தீதி வேகமாக வந்தார். பின்னாலேயே அந்தப் பெண், கையில் துணிச் சுருள் மாதிரி குழந்தை.

முந்தின நாளிலிருந்து தண்ணீராய்ப் பேதி. கண் குழிந்துவிட்டது. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. தீதி வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிவிட்டார். அது உடனே பழையபடி போகாமல் மெதுவாய் இறங்கியது. மேட்ரன் அம்மா ஒரு டீஸ்பூன் தண்ணீரை உதட்டில் வைத்தார். குழந்தை ஆவலோடு உறிஞ்சியது. "குடிக்குது, குடிக்குது! பயப்படாதே" என்றார்.

அப்புறம்தான் அந்தப் பெண்ணின் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும், நான் கொடுத்த டப்பாவும் வெளியே வந்தன. டப்பாவில் எழுதியிருந்ததை அவளால் படிக்க முடியவில்லை. சீக்கிரம் தீர்ந்துவிடக்கூடாதே என்று ஒரு கரண்டி பவுடரைப் பாட்டில் நிறையத் தண்ணீரில் கலக்கியிருக்கிறாள். தண்ணீர் ஊற்றுத் தண்ணீர். காய்ச்ச விறகை ஏன் செலவழிக்க வேண்டும் என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். காலையில் கலக்கியதைச் சாயங்காலம்வரை கொடுத்திருக்கிறாள். இதுதான் நல்ல பால் என்று நம்பி, மூன்று நாளாய்த் தன் பாலைக் குறைத்துவிட்டாள்.

மேட்ரன் அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ்நாட்டு விலை ஒட்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா" என்றார்.

மூன்று நிமிஷத்துக்கு ஒன்று

தீதி தன் பையிலிருந்து 'ஜீவன் ஜல்' பொட்டலம் எடுத்தார். உயிர்த் தண்ணீர்! பேரைப் பாருங்கள். நம் ஊர் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்தோம். மேட்ரன் அம்மா கணக்குப் போட்டார். கிலோவுக்கு 75 மில்லி, குழந்தை இப்போது ஐந்து கிலோ, ஆக 375 மில்லி. நான்கு மணி நேரத்துக்குள் போக வேண்டும். "ஒரு டீஸ்பூன் அஞ்சு மில்லி. எழுபத்தஞ்சு டீஸ்பூன். மூணு நிமிஷத்துக்கு ஒண்ணு. நீதான் குடுக்கணும்" என்று டீஸ்பூனை என் கையில் கொடுத்தார்.

கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... கை நடுங்கியது. பதினோராவது டீஸ்பூனில் குழந்தை வாந்தி எடுத்தது. நான் அழுதேவிட்டேன். தீதி என் முதுகைத் தட்டி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பத்து நிமிஷம் பொறு, பிறகு இன்னும் மெதுவாய்க் கொடு என்று அர்த்தம். நடுநடுவே குழந்தையைத் தாயின் மார்பில் போடச் சொன்னார். அந்தப் பெண் மறுத்தாள், பால் இல்லை என்றாள். தீதி அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையை வருடிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் குழந்தை உறிஞ்ச ஆரம்பித்தது.

இருபது... முப்பது... ஐம்பது. என் வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும் நேரம். என் பிள்ளைக்கு இப்படியாகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தபோது டீஸ்பூன் கனத்தது. ஜெபம் பண்ணினேனா என்று கேட்டால், எண்ணிக்கைதான் என் ஜெபமாக இருந்தது.

அறுபத்திரண்டாவது டீஸ்பூனுக்கும் அறுபத்துமூன்றாவதுக்கும் நடுவில் என் மடி சூடாய் நனைந்தது. குழந்தை ஒன்றுக்குப் போய்விட்டது! "ஸ்தோத்திரம்!" என்று மேட்ரன் அம்மா கத்தினார். தீதி சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் வாழ்நாளில் ஒரு புடவை அவ்வளவு அழகாய் நனைந்ததில்லை.

சாயங்காலம் இறங்கி வந்த டாக்டர் குழந்தையைப் பார்த்தார். தீதி செய்ததற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்றார். ஜிங்க் மாத்திரை பத்து நாளுக்குக் கொடுக்கவும், மறுநாள் சுகாதார நிலையத்தில் காட்டவும் ஏற்பாடாயிற்று. நாங்கள் புறப்படுவதை ஒரு நாள் தள்ளிப் போட்டோம். மறுநாள் அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்குத் தெரியுமா, நான் யார் என்று?

தீதி சொன்னது

கிளம்புமுன் தீதியிடம் போய், எங்கள் வாலிபர் மூலமாய், "நான்தான் அந்த டப்பாவைக் கொடுத்தேன், மன்னிக்க வேண்டும்" என்று சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. கோபப்படவில்லை. அவர் சொன்னது இதுதான்:

"பஹினி, அந்தப் பெண்ணுக்கு நாலு மாதமாய் நான் சொல்லிவந்தேன், உன் பாலே போதும், அடிக்கடி கொடு என்று. அவளும் கேட்டாள். நீ வெளிநாட்டுக்காரி. நீ ஒரு டப்பாவைக் கொடுத்ததும் நான் சொன்னது பொய்யாகிவிட்டது. நாளைக்கு நீ போய்விடுவாய். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. குழந்தைக்குச் செய்த தீங்கு ஒரு பக்கம். இருபது, முப்பது வருடமாய்க் கூலியில்லாமல் ஒரு பெண் அந்த மலையில் சேர்த்து வைத்த நம்பிக்கையை நான் ஒரு சாயங்காலத்தில் குலைத்தது இன்னொரு பக்கம். தூரத்திலிருந்து வருகிறவர் கொடுப்பதற்கு எப்போதும் மவுசு அதிகம். அதனாலேயே அவர் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ரயிலில் திரும்பும்போதுதான் மேட்ரன் அம்மா வாயைத் திறந்தார். நேபாளத்திலும் நம் நாட்டிலும் 1992-இல் இதற்கென்றே சட்டம் வந்திருக்கிறது. நம் சட்டப்படி பால்பவுடரையும் பாலூட்டும் பாட்டிலையும் அனாதை இல்லங்களுக்குத் தவிர யாருக்கும் தானமாய்க் கொடுக்கக்கூடாது. உலக சுகாதார மன்றம் 1981-லேயே இதற்கு விதிமுறை வகுத்தது. சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் டப்பாப் பால் எத்தனையோ குழந்தைகளை வாரிக்கொண்டு போனதால் வந்த விதிமுறை அது. "பட்டியல்ல இல்லாதது வேண்டாம்னு சொன்னேனே, அதுக்குக் காரணம் கஞ்சத்தனம்னு நெனச்சியா?" என்றார்.

'பால் பத்தவில்லை' என்று தோன்றினால்...

இதைப் படிக்கும் இளம் தாய்மார்களே, அந்த மலைநாட்டுப் பெண்ணுக்கு வந்த பயம் உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கும் முதல் பிள்ளையின்போது வந்தது. குழந்தை அழுவதெல்லாம் பசியினால் அல்ல. ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் கூடிக்கொண்டு வந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். இடையில் பாட்டிலைக் கொடுத்தால் உறிஞ்சுவது குறையும், பாலும் குறையும். உங்கள் பயம் நிஜமாகிவிடும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். எடை கூடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். சில தாய்மாருக்கு வேறு பால் கொடுத்தே ஆக வேண்டிய நிலைமை வரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும். என்னைப் போல முந்தானைக்குள் டப்பாவோடு வருகிறவர்கள் சொல்ல வேண்டாம்.

பேதி கண்டால்...

* ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாய்க் கரையுங்கள். பாதிப் பொட்டலம், குத்துமதிப்புத் தண்ணீர் என்பதெல்லாம் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள்.
* பொட்டலம் கிடைக்காத அவசரத்துக்கு: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு ஒருபோதும் கூடக்கூடாது.
* தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பெரிய பிள்ளைகளுக்குச் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம்.
* வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாய்க் கொடுங்கள்.
* குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கண் குழிந்து சிறுநீர் போகாவிட்டாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊழியக் குழுவோடு புறப்படும் சகோதரிகளுக்கு...

* என்ன கொண்டு வரட்டும் என்று அங்கே இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். அவர்கள் கேட்காததைச் சுமந்து போகாதீர்கள்.
* அந்த நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். நீங்கள் மீறினால் கஷ்டப்படப் போவது நீங்கள் அல்ல, அங்குள்ள சபையார்.
* குழந்தைகளைக் கண்டதும் போட்டோ எடுக்காதீர்கள். தாயிடம் கேளுங்கள். நம் பிள்ளையை இன்னொருவர் கேளாமல் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?
* அந்த ஊரில் ஏற்கெனவே ஒரு தீதி இருப்பார். அவரைக் கண்டுபிடித்து, அவருக்குப் பின்னால் நில்லுங்கள்.

சங்கத்தில் சொன்னேன்

மீதி ஐந்து டப்பாவையும் திரும்பச் சுமந்து வந்தேன். வீட்டிலேயே காபியில் கலந்து தீர்த்தோம். ஒவ்வொரு டம்ளரும் கசந்தது.

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் சாட்சி சொல்ல என்னை எழுப்பினார்கள். ஒத்திகை பார்த்து வைத்த பேச்சு வேறு. நான் பேசியது வேறு. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் மூத்த சகோதரி ஒருவர், "அப்போ அடுத்த தடவை நாம என்னதான் குடுக்கிறது?" என்று கேட்டார். "முதலில் தீதியைக் கேட்போம்" என்றேன்.

அங்குள்ள சபையார் மூலமாய்க் கேட்டனுப்பினோம். பதில் வந்தது. தொங்கவிட்டுக் குழந்தை எடை பார்க்கும் தராசு ஒன்று. அவரிடம் இருந்தது முள் உடைந்துவிட்டதாம். வேறொன்றும் வேண்டாம். சுகாதார நிலையத்தின் வழியாகவே கொடுக்கவும் சொல்லியிருந்தார்.

பணம் அனுப்பினோம், அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒரு போட்டோ வந்தது. பள்ளிக்கூடத் திண்ணை உத்தரத்தில் புதுத் தராசு, அதில் தொங்கும் குண்டுக் குழந்தை ஒன்று. என் டீஸ்பூன் குழந்தைதானா என்று உற்று உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றது தீதி.

அத்தையிடம் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்பளைதான் உன் காதைத் தொறந்தவளா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தை" என்றேன்.